கிணற்றுமேட்டுக் காவல்

அத்தியாயம் 9

அன்றைக்குத் தண்ணீர் முறை சென்னியப்பனுடையது. ஆனால் மோட்டார் போடக் கிணற்றுக்குப் போனவன் நாச்சிமுத்து.

வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்த வசந்தாமணி வாளியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். வரப்பின் மேல் போகும் அந்த வெள்ளைத் துண்டையே அவள் கண் பின்தொடர்ந்தது.

நாச்சிமுத்து அவள் கணவன் சென்னியப்பனின் சித்தப்பா மகன். கிணறு ஒன்று, பங்கு இரண்டு. மூன்று நாள் தண்ணீர் அவர்களுக்கு, மூன்று நாள் இவர்களுக்கு. பெரியவர்கள் காலத்தில் பேசி வைத்த கணக்கு. இப்போது ஆறு நாளும் அவன்தான் மோட்டார் போடுகிறான், அவன்தான் நிறுத்துகிறான். ஒத்தாசையாம்.

பட்டாளத்தில் பதினேழு வருடம் லாரி ஓட்டிய சென்னியப்பன், போன ஐப்பசியில் பெட்டியும் படுக்கையுமாக ஊர் திரும்பினான். சீனாச் சண்டை முடிந்த கையோடு போனவன். அப்போது மகள் பாவாயி தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது அவளைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை ஆட்கள் வருகிறார்கள்.

அவன் வந்த அன்று புதுச்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் வாழைமரம் கட்டி, மைக் செட் வைத்து, மாலை போட்டு அழைத்து வந்தார்கள். ஒரு நாள் கூத்து என்றுதான் வசந்தாமணி நினைத்தாள். கூத்து முடியவே இல்லை.

கடலைக்காய் பிடுங்கக் கூப்பிடாமலே ஆள் வந்தது. மாட்டுக் கட்டுத்தாரைக்குக் கூரை மாற்ற நாலு பேர் வந்து ஏறினார்கள். ஒருவர்கூட ஒரு வேளைச் சோற்றுக்கு உட்காரவில்லை.

இதே ஊர்தான். வறட்சி வருடத்தில் பருத்தி வாடுகிறதே, ஒரு நாள் முறையை விட்டுக்கொடு என்று அவள் ஒற்றைப் பொம்பளையாகப் போய் நின்றபோது, "எங்க பருத்தி மட்டும் பச்சையாவா நிக்குது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவன் இதே நாச்சிமுத்துதான். அவனுக்கு இப்போது எங்கிருந்து வந்தது இத்தனை ஈரம்? சும்மா வருகிற பாலை முகர்ந்து பார்த்துக் குடி என்பாள் அவள் அம்மா.

அதையெல்லாம்கூட மன்னித்திருப்பாள். யாருமே சென்னியப்பனைத் தனியாக விடுவதில்லை என்பதுதான் அவளை அரித்தது. கிணற்றுப் பக்கம் திரும்பினால் நாச்சிமுத்து குறுக்கே வந்து நிற்கிறான். சந்தைக்குக் கிளம்பினால் டீக்கடை அப்புசாமி கடையை அப்படியே போட்டுவிட்டுக் கூட நடக்கிறான். சைக்கிளைத் தொட்டால் போதும், எவனாவது ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, "நான் ஓட்டறனுங்க, நீங்க பின்னால குக்கிக்குங்க" என்கிறான்.

நாமக்கல்லிலிருந்து லாரிக்காரர்கள் இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். நல்ல டிரைவருக்கு அவர்கள் தவம் கிடக்கிற காலம் அது. மலைப்பாதையில் பதினேழு வருடம் ஓட்டியவன், "ஸ்டீரிங் புடிச்சுப் புடிச்சு அலுத்துப்போச்சுங்க" என்று அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டான்.

அப்புறம் அந்த டீக்கடை. வீட்டில் காப்பி இருக்கும்போது காலையிலும் பொழுதோடும் தவறாமல் அங்கே என்ன வேலை? ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். கல்லாவுக்குப் பின்னால் அப்புசாமியும் இவனும் தலையோடு தலை சேர்த்து நின்றார்கள். அவளைக் கண்டதும் விலகினார்கள்.

அதனால்தான் நேற்றுப் பொழுதோடு வாசலை மறித்து நின்று, "இனி டீக்கடைப் பக்கம் போனீங்கன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டாள். அவன் போகவில்லை. இன்று காலையும் போகவில்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வசந்தாமணி கம்பங்கூழை அவன் முன்னால் வைத்தாள்.

"ஏனுங்க, நம்ம முறைக்கு உங்க தம்பி எதுக்குங்க மோட்டாரு போடறாரு?"

"போட்டாப் போட்டுட்டுப் போறான்."

"வருசக்கணக்குல இப்படியே அவரு போட்டாருன்னா, கெணறே அவருதுன்னு நாளைக்கு ஊரு சொல்லும். சொல்றதுக்குத்தான் ஊரு முழுக்கக் கூடவே சுத்துதே."

"உனக்கு எதுலதான் புள்ள சந்தேகம் இல்ல?"

"சந்தேகப்படற மாதிரி நடந்தா சந்தேகந்தான் வரும். பொண்ணுக்குன்னு இருக்கறது அந்தக் கெணத்துப் பங்கு ஒண்ணுதானுங்க."

அவன் கூழைத் தொடவில்லை. காதுக்கு மேலே முடி முளைக்காத அந்தத் தழும்பைத் தடவினான். "சின்னக் காயம்" என்பதற்கு மேல் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பாவாயி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். நாமக்கல்லுக்குத் தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவளை, பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் ஒரு மாதமாக வீட்டில் நிறுத்தி வைத்திருந்தார்கள். "அம்மா, அப்பாவ டீக்கடைக்குப் போக உடு. பாவம்" என்றாள்.

"நீ உன் வேலையப் பாரு."

வெயில் ஏறியதும் வசந்தாமணி ஆட்டை மாற்றிக் கட்டுவதற்காக ரோட்டோரம் போனாள். அப்போதுதான் சேலத்து பஸ் வந்து நின்றது. இறங்கியவரைப் பார்த்ததும் அவள் கை கயிற்றை இறுக்கியது.

செபஸ்தியான். வெள்ளை மீசை, மடிப்புக் கலையாத கால்சட்டை, தோளில் ஒரு காக்கிப் பை. பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவராம். சேலத்தில் வீடு. மாதம் தவறாமல் வருவார். அவள் கொடுக்கும் மோரைக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கியாம்மா?" என்று விசாரித்துவிட்டு, சென்னியப்பனைத் தனியே தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போய்விடுவார். என்ன பேச்சு என்று கேட்டால், "பட்டாளத்துப் பேச்சு" என்பான்.

இன்றைக்கு அவர் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக நாச்சிமுத்துவின் கோழிக்கொட்டாய்க்கு நடந்தார்.

ஆட்டை அப்படியே விட்டுவிட்டு வசந்தாமணி கொட்டாயின் பின்புறம் போய் நின்றாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கோழிகள் கத்திய கத்தலில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. விழுந்த பாதியே போதுமாக இருந்தது.

"கிணத்துப் பக்கம் மட்டும் விட்டுடாதீங்க நாச்சிமுத்து. அதுதான் முக்கியம்."

"நான் உடறதில்லீங்க. ஆனா நங்கைக்கு சந்தேகம் வந்துருச்சுங்க. அண்ணன் பொண்டாட்டிங்கறதால நானும் பேசாம இருக்கறேன். கண்ணுலயே கொத்தறாங்க."

கோழிகள் கத்தின.

"...இன்னும் கொஞ்ச நாள். அவரே ஒத்துக்குவாரு. நான் இன்னிக்குப் பேசறேன்."

அதற்கு மேல் அவள் அங்கே நிற்கவில்லை. அவரே ஒத்துக்குவாரு! எதை? கிணற்றுப் பங்கை எழுதிக் கொடுக்கவா? சேலத்தில் உட்கார்ந்திருக்கிற இந்த மனுசனுக்கு அதில் என்ன பங்கு? வரப்புகளைத் தாண்டி வீட்டுக்கு ஓடினாள்.

காலையில் போன கரண்டு அப்போதுதான் திரும்பியிருந்தது. வீட்டுக்குள் குண்டு பல்பு எரிந்தது.

"எந்திரிங்க" என்றாள்.

சென்னியப்பன் நிமிர்ந்தான்.

"கரண்டு வந்துருச்சு. போயி நீங்களே மோட்டாரப் போடுங்க. உங்க தம்பி கொட்டாயில இருக்கறாரு. சேலத்துக்காரரும் இருக்கறாரு. ரெண்டு பேரும் சேந்து உங்களைக் கெணத்துப் பக்கம் உடக்கூடாதுன்னு பேசிக்கிட்டு இருக்கறாங்க. என் காதாலயே கேட்டேன்."

"வசந்தா, கொஞ்சம் பொறு. நான் சொல்றதக்..."

"பதினேழு வருசம் பொறுத்தனுங்க. பட்டாளத்துல துப்பாக்கிக்குப் பயப்படாதவரு பங்காளிக்குப் பயந்து கட்டல்ல உக்காந்துட்டு இருந்தீங்கன்னா, அப்புறம் எதுக்குங்க ஊருக்குத் திரும்பி வந்தீங்க?"

அந்தக் கடைசி வார்த்தை அவன் முகத்தில் விழுந்த விதத்தைப் பார்த்து அவளுக்கே ஒரு கணம் என்னவோ போலிருந்தது. ஆனால் வாய் திறந்து திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

அவன் துண்டை உதறித் தலையில் கட்டினான். செருப்பைக்கூடப் போடாமல் வெயிலில் இறங்கி நடந்தான்.

அவளும் பின்னாலேயே போனாள். அவன் நடையில் பழைய நிமிர்வு தெரிந்தது. பார்க்கட்டும், ஊரே பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. பாறையை வெட்டி இறக்கிய பெரிய கிணறு. பங்குனி வெயிலில் தண்ணீர் அடியில் பச்சையாகச் சுருங்கிக் கிடந்தது. விளிம்பை ஒட்டினாற்போல் மோட்டார் அறை. அதன் கதவருகே போய் நின்ற சென்னியப்பன் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

வைத்தவன் அதை விலக்கவில்லை. தலையை மட்டும் ஒரு பக்கமாகத் திருப்பி, யாரோ கூப்பிட்டதைக் கேட்பது போல நின்றான்.

"ஏனுங்க?" என்று தூரத்திலிருந்தே கேட்டாள் வசந்தாமணி.

பதில் இல்லை. அவன் ஒரு அடி பின்னால் வைத்தான். கிணற்றுப் பக்கமாக.

சோளக்காட்டுக்குள்ளிருந்து நாச்சிமுத்து பாய்ந்து வந்தது அப்போதுதான். ஓடிவந்த வேகத்தில் பின்னாலிருந்து அண்ணனின் இடுப்பைச் சேர்த்து இரண்டு கையாலும் கட்டினான். இருவரும் விளிம்பில் தள்ளாடினார்கள்.

"ஐயோ! கெணத்துக்குள்ள தள்றான்! என் ஊட்டுக்காரர கொல்றான், ஓடியாங்க!"

அவள் அலறல் தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். கையில் அகப்பட்ட கல்லை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் இருவரும் மண்ணில் விழுந்திருந்தார்கள், கிணற்றுக்கு இந்தப் பக்கமாக. நாச்சிமுத்துவின் முழங்கை கல்லில் உரசி ரத்தம் வழிந்தது. அவன் மார்பின் மேல் கிடந்த சென்னியப்பனின் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே செருகியிருந்தது. வாயோரம் நுரை.

கல் அவள் கையிலிருந்து நழுவியது.

"சாவி, அருவா, எதாச்சும் இரும்பு..." என்று நாலா பக்கமும் தேடினாள்.

"இரும்பெல்லாம் வேண்டாமுங்க நங்கை!" என்று கத்தினான் நாச்சிமுத்து. "வாயிலயும் எதையும் வெச்சராதீங்க. கையக் காலப் புடிக்காதீங்க. அடங்கட்டும். துண்டச் சுருட்டித் தலைக்குக் குடுங்க."

அவன் சென்னியப்பனை ஒருக்களித்துப் படுக்க வைத்தான். பலமுறை செய்து பழகிய கை என்று பார்த்தவுடனே தெரிந்தது. அதுதான் வசந்தாமணியை அதிகமாகப் பயமுறுத்தியது.

செபஸ்தியான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மண்டியிட்டு உட்கார்ந்து, சென்னியப்பனின் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டார். பிறகு நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

"காலையில மாத்திரை போட்டாரா?"

"அப்புசாமி கடைக்கு வரலைன்னு சொன்னானுங்க. நேத்துப் பொழுதோடயும் வரலையாம். அதை உங்ககிட்டச் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள இவரு கெணத்துக்கு வந்துட்டாருங்க."

"நாந்தான் போக உடல" என்றாள் வசந்தாமணி.

இழுப்பு அடங்கியதும் சென்னியப்பன் களைத்துத் தூங்கிப்போனான். இரண்டு பேரும் அவனைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்து நிழலில் போட்டார்கள். அவனை மடியில் சாய்த்துக்கொண்டு வசந்தாமணி உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றாள் செபஸ்தியானிடம். "இனியும் பட்டாளத்துப் பேச்சுன்னு சொல்லாதீங்க."

அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"நாகா மலையில லாரி உருண்டுச்சும்மா. தலையில அடி. காயம் ஆறிப்போச்சு, இந்த வலிப்பு மட்டும் தங்கிடுச்சு. அதனாலதான் பட்டாளத்துலேருந்து அனுப்பிட்டாங்க. வண்டி ஓட்டக் கூடாது, தண்ணி, நெருப்பு, உயரம், எதுகிட்டயும் தனியா நிக்கக் கூடாது. மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது."

"எனக்குச் சொல்லக் கூடாதுன்னும் டாக்டருதான் சொன்னாருங்களா?"

"அதை இவரு சொன்னாரு."

"நீங்களும் சரின்னுட்டீங்க."

"சரின்னு சொல்லலை. மாசா மாசம் வந்து இவருகிட்ட அதைத்தான் பேசுறேன். வீட்டுல சொல்லுய்யா, சொல்லுய்யான்னு. சேலத்துல நாங்க பத்துப் பதினஞ்சு பேரு இருக்கோம், பட்டாளத்துலேருந்து திரும்புனவங்க. யாரு எந்த ஊருக்குத் திரும்புறாங்கன்னு விசாரிச்சுப் போய்ப் பாப்போம். பட்டாளத்துல ஒருத்தன் விழுந்தா பக்கத்துல இருக்கிறவன் தூக்குவான். ஊருக்கு வந்துட்டா பக்கத்துல யாரும்மா? அதான் உங்க ஊருல நாலு பேரைப் பாத்து நானே பேசுனேன். மாத்திரை டீக்கடையில இருக்கட்டும், கிணத்தை நாச்சிமுத்து பாத்துக்கட்டும், சந்தைக்கு ஒருத்தர் கூடப் போகட்டும்னு. ஒருத்தர்கூட முடியாதுன்னு சொல்லலை."

வசந்தாமணி நாச்சிமுத்து பக்கம் திரும்பினாள். முழங்கை ரத்தத்தை அவன் மண் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தான்.

"பருத்தி வாடினப்ப வராத ஈரம் இப்ப எப்படிங்க வந்துச்சு?"

சுருக்கென்று கேட்டுவிட்டாள். அவன் கோபப்படவில்லை.

"அப்ப என் பருத்தியும் வாடிட்டு இருந்துச்சுங்க. இப்ப உங்க முறைத் தண்ணி ஒரு சொட்டு எங்காட்டுப் பக்கம் திரும்பியிருந்தா என்ன வேணும்னாலும் கேளுங்க. போயி வாய்க்காலப் பாத்துட்டு வாங்க."

பார்க்கத்தான் வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள். ஆனாலும் நினைத்தாள்.

மடியில் அசைவு தெரிந்தது. சென்னியப்பன் கண்ணைத் திறந்து, மரத்தைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், மற்ற இருவரையும் பார்த்தான். என்ன நடந்தது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தெரிஞ்சு போச்சா?" என்றான்.

"டீக்கடைக்காரனுக்குத் தெரியும். சந்தைக்குக் கூட வர்றவனுக்குத் தெரியும். கட்டிக்கிட்டவளுக்கு மட்டுந்தான் தெரியக் கூடாதாக்கும்?"

"ஆஸ்பத்திரியில எம் பக்கத்துக் கட்டல்ல ஒருத்தன் இருந்தான். இதே சீக்கு. அவன் பொண்டாட்டி பாக்க வந்தா. ஒரு தடவை இழுத்ததைப் பாத்தா. அப்புறம் வரவே இல்ல."

"அவளும் நானும் ஒண்ணுங்களா?"

அவன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"அது மட்டும் இல்ல வசந்தா. பாவாயி. அப்பனுக்கு வலிப்புன்னா எவன் அந்தப் புள்ளையக் கட்டுவான்? வழிவழியா வரும்பாங்க. அடிபட்டதால வந்துதுன்னு சொன்னா ஆரு நம்புவாங்க? அவ கல்யாணம் முடியட்டும், நானே உங்கிட்டச் சொல்லிரலாம்னு இருந்தேன்."

"வெள்ளிக்கெழமை வர்றவங்க நல்ல மாதிரிங்க நங்கை" என்றான் நாச்சிமுத்து. "பையன் மயில்சாமி நாமக்கல்லுல லாரிக்குப் பாடி கட்டற பட்டறையில இருக்கறான். கெட்ட பழக்கம் எதுவும் இல்ல. இந்த ஒரு வெசயத்த இப்போதைக்கு அமுக்கிப்போட்டா..."

"வேண்டாம்."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆறு மாசமா நான் தின்ன சோறு ஒட்டலீங்க. ஊருல ஒவ்வொரு மூஞ்சியா பாத்து, இவன் என்ன பண்றான், அவன் எதுக்குச் சிரிக்கறான்னு வெந்துபோயிட்டேன். நாளைக்கு அந்தப் பையனோட அம்மாவும் இப்படித்தான் கெடந்து வேகோணுமா? வெள்ளிக்கெழமை அவங்க வந்து உக்காந்ததும், காப்பி குடுக்கறதுக்கு முன்னால நானே சொல்றேன். கேட்டுட்டு எந்திரிச்சுப் போனாங்கன்னா போகட்டும்."

"புள்ள வாழ்க்கைய..." என்று சென்னியப்பன் ஆரம்பித்தான்.

"அவங்களுக்குத் தெரியும்மா."

குரல் பின்னாலிருந்து வந்தது. தண்ணீர்ச் சொம்போடு பாவாயி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. நேராக வந்து அப்பாவிடம் சொம்பை நீட்டினாள். அவன் வாங்கக்கூட இல்லை.

"ஆருக்குத் தெரியும்?" என்றாள் வசந்தாமணி.

"மயில்சாமி ஊட்டுல. மார்கழியில அப்பா என்னத் தையல் வகுப்புல உட வந்தாரில்ல, அன்னிக்கு அந்தப் பட்டறை வாசல்லதான் உழுந்தாரு. எனக்கு ஒண்ணுமே புரியல, கத்துனேன். ஓடியாந்து தூக்கி உள்ள படுக்க வெச்சு, கார் புடிச்சு ஏத்தி உட்டது அவருதான்."

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த நாள் அவனுக்கு அரைகுறையாகத்தான் நினைவிருந்தது. முகம் எதுவும் நினைவில் இல்லை.

மகளுக்கும் தெரிந்திருக்கிறது, அவளும் வாயைத் திறக்கவில்லை. அந்த வலியை வசந்தாமணி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினாள். வேறொன்று அதற்குள் மனதில் தைத்துவிட்டது. அவரு. அவருதான். பெண் பார்க்கக்கூட இன்னும் வராத ஒருத்தனை இந்தப் பெண் எவ்வளவு பழக்கமாகச் சொல்கிறது!

தரகர் இந்த இடத்தைக் கொண்டு வந்தது தை மாதத்தில். மார்கழிக்கும் தைக்கும் நடுவில் தையல் வகுப்புக்கு இவள் தினமும் போய்வந்துகொண்டுதான் இருந்தாள், அந்தப் பட்டறையைத் தாண்டி.

"பாவாயி" என்றாள் மெதுவாக. "தரகரை நம்ம ஊட்டுக்கு அனுப்பினது ஆரு சாமி?"

பாவாயி சொம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமல் சித்தப்பா நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைதான். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

நாச்சிமுத்து துண்டை எடுத்துத் தோளில் போட்டான். "கோழிக்குத் தண்ணி காட்டலீங்க, வெயிலு வேற" என்று முணுமுணுத்தபடி எழுந்தான்.

"கொழுந்தனாரே" என்றாள் வசந்தாமணி. "நீங்க உக்காருங்க."